முழங்கை தொடும் தூரத்தில்

திருவல்லிக்கேணியில் நான் அடிக்கடி சாப்பிடச் செல்லும் சிற்றுண்டி விடுதி ஒன்றில், இரண்டு மேசைகளுக்கு நடுவே நுழைய வேண்டுமானால் உடம்பைப் பக்கவாட்டில் திருப்பிக்கொள்ள வேண்டும். ஒரு பழைய வீட்டின் முன்கூடத்தையும் அதை ஒட்டிய அறையையும் சேர்த்து அமைத்த இடம் அது. இரும்புச் சட்டத்தின் மேல் கருங்கல் பலகை பதித்த மேசைகள். ஒவ்வொன்றுக்கும் நான்கு நாற்காலிகள். ஒரு மேசையின் நாற்காலி முதுகு அடுத்த மேசையின் நாற்காலி முதுகோடு உரசிக்கொண்டிருக்கும். காலை எட்டு மணிக்கு அங்கே காலியாக ஒரு மேசை கிடைக்கும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. காலியாக ஒரு நாற்காலி கிடைத்தால் அதுவே போதும் என்றுதான் வருகிறார்கள்.

இந்த நெருக்கத்தை இடப் பற்றாக்குறை என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. வாடகை அதிகம், கூடம் சிறியது, கூட்டம் பெரியது என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் முன்பின் தெரியாத மூன்று பேரோடு ஒரே பலகையில் தட்டு வைத்துச் சாப்பிடுவது இந்த நகரத்தில் எப்போதும் இயல்பாக இருந்த காரியம் அல்ல. அதற்குச் சட்டம் வேண்டியிருந்தது. தெருவில் இறங்கிப் போராடி ஆட்கள் சிறைக்குப் போகவும் வேண்டியிருந்தது. அந்த வரலாற்றில் ஒரு பகுதி இதே திருவல்லிக்கேணியில்தான் நடந்தது என்பதால், இங்கே சாப்பிடும்போது அது என் நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

முதலில் சாப்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் போனபோது, சுவரோரத்து மேசையில் மூன்று பேர் இருந்தார்கள். பார்த்தசாரதி கோயிலிலிருந்து நேரே வந்திருந்த பெரியவர் ஒருவர். பக்கத்து மேன்ஷனில் தங்கியிருப்பவரைப் போலத் தெரிந்த ஓர் இளைஞர். அவருக்கு எதிரே, ஏழெட்டு வயதுப் பெண் குழந்தையை மடியில் பாதியும் நாற்காலியில் பாதியுமாக உட்கார வைத்துக்கொண்டிருந்த ஒரு தகப்பனார். சர்வர் என்னைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார். "தம்பி, கொஞ்சம் உள்ள தள்ளி உக்காருப்பா, அம்மா உக்காரட்டும்" என்றார். இளைஞர் தலை நிமிராமலே நாற்காலியைச் சுவர்ப் பக்கம் இழுத்துக்கொண்டு, மேசை மேல் இருந்த தன் ஹெல்மெட்டை எடுத்துக் காலடியில் வைத்தார். எனக்கு இடம் கிடைத்துவிட்டது. யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை.

நான் இட்லியும் வடையும் சொன்னேன். அதற்குள் பெரியவருக்கு நெய் மணக்க வெண்பொங்கல் வந்தது. குழந்தை அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு அப்பாவின் காதில் ஏதோ சொன்னது. அவர் சர்வரைக் கூப்பிட்டு, "பாப்பாவுக்கு ஒரு பொங்கல்" என்றார். நெருக்கமான மேசைகளின் பெரிய வசதி இதுதான். சுவரில் மாட்டிய விலைப் பலகையைப் படிப்பவர்கள் குறைவு. பக்கத்து இலையும் எதிர்த் தட்டும்தான் இங்கே உணவுப் பட்டியல். எந்த நாளில் அடை நன்றாக முறுகி வருகிறது, எப்போது கொத்சு வைத்திருக்கிறார்கள் என்பதை நான் பெரும்பாலும் அடுத்தவர் தட்டிலிருந்தே தெரிந்துகொண்டிருக்கிறேன். "அது என்னங்க, ரவா தோசையா?" என்று முன்பின் தெரியாதவரிடம் கேட்பது இங்கே தவறாகக் கருதப்படுவதில்லை. "வெங்காய ரவா. ஆனா நேரமாகும்" என்று ஒரு முறை எனக்குப் பதில் கிடைத்தது. சமையற்கட்டின் நிலவரத்தையும் சேர்த்துச் சொன்ன அந்தப் பதில், எந்த அச்சடித்த பட்டியலிலும் கிடைக்காது.

சாம்பார் விஷயத்திலும் அப்படித்தான். நான்கு பேரில் ஒருவர் கேட்டால் போதும். வாளியோடு வருபவர் நான்கு தட்டிலும் ஊற்றிவிட்டுப் போவார். திருவல்லிக்கேணிக்காரர்களுக்கு இட்லியைச் சாம்பாரில் மூழ்கடித்துச் சாப்பிடுவது ஒரு தனிப் பிரியம். 1948-இல் மதுராவிலிருந்து வந்த ஜெகதீஷ் லால் குப்தா இங்கே தொடங்கிய ரத்னா கஃபே அந்தப் பிரியத்தை வளர்த்ததில் பெரும்பங்கு வகித்தது. வடக்கேயிருந்து வந்த ஒருவர் வைத்த கடையின் சாம்பார் இந்தப் பேட்டையின் அடையாளமாகிப்போனதை நினைத்தால் எனக்கு எப்போதும் மகிழ்ச்சியாக இருக்கும். நான் சாப்பிடும் விடுதி அத்தனை பெயர் பெற்றதல்ல என்றாலும், வாளியைத் தூக்கிப் பிடித்துத் தட்டு நிறைய ஊற்றும் பழக்கம் இங்கேயும் உண்டு. அப்போது பக்கத்திலிருப்பவர் சட்டைக் கையை இழுத்துக்கொள்வார். நான் புடவைத் தலைப்பை ஒதுக்கிக்கொள்வேன். யாரும் சொல்லாமலே நால்வரும் ஒரு நொடி பின்வாங்கி, மறுபடி குனிவோம்.

இந்த ஒழுங்கைச் சற்று நின்று கவனித்தால் வியப்பாக இருக்கிறது. கையால் சாப்பிடுவதால் நமக்குப் பக்கவாட்டில் அதிக இடம் தேவைப்படுவதில்லை. கத்தியும் முள்கரண்டியும் பிடிப்பவரின் இரண்டு முழங்கைகளும் விரிகின்றன. நம்முடைய வலது கை தட்டுக்கும் வாய்க்குமாக நேர்க்கோட்டில் போய்வருகிறது, இடது கை மடியில் அல்லது மேசை விளிம்பில் அடங்கிக் கிடக்கிறது. தண்ணீர்ச் செம்பை எடுக்கவும் டம்ளரை நகர்த்தவும் மட்டும் அது வெளியே வரும். இடது கையால் சாப்பிடுகிறவர் வந்தால் ஓரத்து நாற்காலியைத் தாமே தேடிக்கொள்வார். பை மடியில் இருக்கும். எதிரே இருப்பவரின் கைபேசித் திரை கண்ணெதிரே ஒளிர்ந்தாலும் பார்வை அதில் தங்காது. சாப்பிட்டு முடித்தவர் பேசிக்கொண்டு உட்கார மாட்டார். ஏனென்றால் அவர் நாற்காலிக்குப் பின்னால் இன்னொருவர், முதுகில் கை வைக்காத குறையாக, நின்றுகொண்டிருப்பார்.

அந்தப் பின்னால் நிற்பதைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. கடைசி வாய்க் காபியைக் குடித்து முடிப்பதற்குள் நாற்காலி அசைவதை உணர்வது, சாப்பாட்டின் சுகத்தில் பாதியை எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. மேசைகள் நெருங்கியிருப்பதை நான் மனமார விரும்புகிறேன். சாப்பிடுகிறவரை அவசரப்படுத்துவதை விரும்பவில்லை. வாசலில் இரண்டு பெஞ்சு போட்டுக் காத்திருக்கச் சொல்லும் கடைகள் இதே பேட்டையில் இருக்கின்றன. டோக்கன் கொடுத்து எண்ணைச் சொல்லிக் கூப்பிடும் மெஸ்களும் இருக்கின்றன. அவ்வளவு செய்தாலே போதும். உள்ளே இருப்பவர் நிம்மதியாகச் சாப்பிடுவார்.

மனிதர்கள் ஒருவருக்கொருவர் எவ்வளவு தள்ளி இருக்க விரும்புகிறார்கள் என்பதை ஆராய்ந்த அமெரிக்க மானிடவியலாளர் எட்வர்ட் ஹால், சுமார் 45 சென்டிமீட்டருக்கு உட்பட்ட தூரத்தை மிக நெருங்கியவர்களுக்கானது என்று வகுத்தார். நண்பர்களுக்கும் தெரிந்தவர்களுக்கும் அதற்கு வெளியே, 120 சென்டிமீட்டர் வரை. அறிமுகமற்றவர்களுக்கு அதற்கும் அப்பால். அமெரிக்க நடுத்தர வர்க்கத்தாரைப் பார்த்து அவர் சொன்ன அளவுகள் இவை. பண்பாட்டுக்குப் பண்பாடு மாறும் என்பதையும் அவரே வற்புறுத்தினார். எங்கள் கருங்கல் மேசையில் என் தோளுக்கும் அந்த இளைஞரின் தோளுக்கும் நடுவே ஒரு சாண் இருந்திருக்கும். அந்தக் கணக்கின்படி அவர் என் நெருங்கிய உறவினராக இருந்திருக்க வேண்டும். அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. ஆனால் எனக்கு எந்தச் சங்கடமும் தோன்றவில்லை. தூரத்தால் கிடைக்காத ஒதுக்கத்தை இங்கே பார்வையால் கொடுக்கிறார்கள் என்று நான் புரிந்துகொள்கிறேன். அருகில் இருப்பவரை உற்றுப் பார்க்காமல் இருப்பது ஒரு மரியாதை. அதைச் சொல்லிக் கொடுக்காமலே எல்லாரும் கற்றிருக்கிறார்கள்.

இரைச்சலும் அதற்கு உதவுகிறது. கருங்கல், ஓடு பதித்த சுவர், எவர்சில்வர், உயரம் குறைந்த கூரை என ஒலியை உறிஞ்சிக்கொள்ளும் பொருள் ஒன்றுகூட அந்தக் கூடத்தில் இல்லை. "ரெண்டு இட்லி ஒரு வடை, ஒரு நெய் ரோஸ்ட், காபி ஸ்ட்ராங்கா ஒண்ணு" என்று சர்வர் உள்ளே குரல் கொடுக்கிறார். அதற்கு மேல் கேட்க வேண்டும் என்று அடுத்த சர்வர் இன்னும் உரக்கச் சொல்கிறார். அவர்களுக்கு மேல் வாடிக்கையாளர்கள். சுற்றியுள்ள ஓசை கூடும்போது மனிதர்கள் தம்மை அறியாமலே குரலை உயர்த்துவதை 1911-இல் விவரித்த பிரெஞ்சு மருத்துவர் எட்டியென் லொம்பார்டின் பெயரால் அந்த இயல்பு அழைக்கப்படுகிறது. சென்னையின் காலை நேரத்து ஓட்டல்கள் அதற்கு நல்ல சான்று. ஆனால் அந்த ஓசைக்குள் ஒரு பாதுகாப்பும் இருக்கிறது. அமைதியான, விளக்கு மங்கிய உணவகத்தில் பக்கத்து மேசைப் பேச்சு வார்த்தை வார்த்தையாகக் காதில் விழும், இங்கே விழுவதில்லை. கடன் பேசுகிறவர்கள், பெண் பார்த்துவிட்டு வந்தவர்கள், வேலை போனதை நண்பனிடம் சொல்கிறவர்கள் எல்லாரும் நடுக்கூடத்தில் உட்கார்ந்து பேசுகிறார்கள். கூட்டமே அவர்களுக்குத் திரை.

இனி நான் முன்னே தொட்ட வரலாற்றுக்கு வருகிறேன். சென்னையிலும் தஞ்சை, திருச்சிப் பக்கத்து ஊர்களிலும் காபி கிளப்புகள் பெருகிய காலத்தில், அவற்றுள் பலவற்றில் பிராமணர்களுக்குத் தனி இடம் இருந்தது. மற்றவர்களுக்கு வேறு இடம். தலித் மக்களுக்கு உள்ளே நுழையவே இடமில்லை. ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளிலும் இந்தப் பிரிவினை இருந்தது. எதிர்ப்புக் கிளம்பிய பிறகு 1941-இல்தான் அது எடுக்கப்பட்டது. யார் பக்கத்தில் யார் சாப்பிடுவது என்பது தமிழ்நாட்டின் அரசியலையே திருப்பியிருக்கிறது. வ.வே.சு. ஐயர் சேரன்மாதேவியில் நடத்திய குருகுலத்தில் பிராமணச் சிறுவர்களுக்குத் தனிப்பந்தி போடப்பட்டதைக் குறித்து 1920-களின் நடுவில் எழுந்த கொந்தளிப்பு, காங்கிரசுக்குள்ளேயே பெரும் பிளவை உண்டாக்கியது. வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் அதைக் கடுமையாக எதிர்த்தார்கள். சிறுவர்கள் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடலாமா என்ற ஒரு கேள்வி, ஒரு மாகாணத்தின் அரசியலில் அத்தனை ஆழமாக இறங்கியது.

1950 ஜனவரி 26-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்புச் சட்டத்தின் 15-ஆவது பிரிவு, சமயம், இனம், சாதி, பால், பிறப்பிடம் ஆகியவற்றைக் காரணம் காட்டிக் கடைகளிலும் பொது உணவகங்களிலும் எந்தக் குடிமகனையும் தடுக்கக் கூடாது என்கிறது. உரிமைகளைப் பற்றிப் பேசும் ஓர் அடிப்படைச் சட்டம் உணவகத்தை வெளிப்படையாகக் குறிப்பிட வேண்டியிருந்தது என்பதை ஒவ்வொரு முறை படிக்கும்போதும் நான் சற்று நின்றுவிடுகிறேன். 1955-இல் வந்த தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் இன்னும் ஒரு படி இறங்கி, பொது உணவகங்களில் மக்களின் பயன்பாட்டுக்காக வைத்திருக்கும் பாத்திரங்களைப் பயன்படுத்தவிடாமல் தடுப்பதையும் குற்றமாக்கியது. டம்ளர் வரைக்கும் சட்டம் வந்தது. ஏனென்றால் விலக்கி வைத்தல் டம்ளர் வரைக்கும் இருந்தது.

சட்டம் வந்த பிறகும் ஓட்டல் பெயர்ப் பலகைகளில் 'பிராமணாள்' என்ற அடைமொழி நீடித்தது. அதை எதிர்த்துத் திருவல்லிக்கேணியில் இருந்த முரளி கஃபேயின் முன்னால் பெரியார் 1957-இல் மறியல் தொடங்கினார். நாள்தோறும் தொண்டர்கள் வந்து நின்றார்கள், கைதானார்கள். மறுநாள் வேறு தொண்டர்கள் வந்தார்கள். மாதக்கணக்கில் நீடித்த அந்தப் போராட்டம் 1958-இல் பலகையிலிருந்து அந்தச் சொல் நீங்கிய பிறகே ஓய்ந்தது. நான் இட்லி சாப்பிடும் இடமும் அவர்கள் நின்ற இடமும் ஒரே பேட்டை. இன்று என் மேசையில் நாமம் இட்ட பெரியவரும், யாரென்றே தெரியாத இளைஞரும், ஒரு குழந்தையும் அதன் தகப்பனும், நானும் ஒரே செம்புத் தண்ணீரைக் கைமாற்றி ஊற்றிக்கொள்கிறோம் என்றால், அது தானாக நடந்துவிட்ட காரியம் என்று நான் எண்ணத் தயாராக இல்லை. சில கிராமத்துத் தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை இன்னும் ஒழியவில்லை என்ற செய்திகள் வந்துகொண்டிருக்கும்வரை, எண்ணவும் கூடாது.

பெண்களுக்கு இந்த மேசை கிடைத்தது இன்னொரு தனிக் கதை. என் அம்மா இளம் வயதில் ஓட்டலுக்குப் போனதெல்லாம் 'பேமிலி ரூம்' என்று எழுதிய அறைக்குள்தான். பலகைத் தடுப்பு, அரைக்கதவு அல்லது திரைச்சீலை, காற்றில்லாத ஒரு மூலை. அங்கே கணவரோடும் குழந்தைகளோடும் போகலாம். தனியாகப் போகிற பெண்ணுக்கு அந்த அறையும் பொருந்தாது, கூடமும் பொருந்தாது. கூடத்தில் ஆண்களுக்கு நடுவே ஒரு பெண் தனியாக உட்கார்ந்து தோசை சாப்பிட்டால் அதைத் திரும்பிப் பார்க்காதவர்கள் குறைவு என்று அம்மா சொல்லுவார். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில்கூட, சர்வர்கள் என்னைக் கேட்காமலே உள்ளறையைக் காட்டுவார்கள். பாதுகாப்பு என்று நினைத்துத்தான் காட்டினார்கள். அதில் கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் எனக்குத் தேவைப்பட்டது ஒரு நாற்காலி, மற்றவர்களுக்கு இருப்பதைப் போல. "தம்பி, தள்ளி உக்காருப்பா" என்று ஒரு சர்வர் இயல்பாகச் சொல்வதும், அந்தத் தம்பி தலை நிமிராமல் தள்ளி உட்கார்வதும், இரண்டு தலைமுறைக்குப் பிறகு கிடைத்திருக்கும் சிறிய, திடமான நன்மை. எல்லாப் பெண்களுக்கும் எல்லா ஊரிலும் இது கிடைத்துவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். ஒரு சாண் தூரத்தில் இருப்பவர் தோளை வேண்டுமென்றே சாய்க்கும் கடைகளும் உண்டு என்பதை இந்த நகரத்தின் பெண்கள் அறிவார்கள். அப்படிப்பட்ட நேரத்தில் சர்வரின் கண் எங்கே இருக்கிறது என்பதுதான் ஒரு கடையின் தரத்தை எனக்குச் சொல்லும்.

தூரம் விலைக்குக் கிடைக்கும் பொருளாகவும் இருக்கிறது. பல ஓட்டல்களில் கீழே சாதாரணக் கூடம், மாடியில் ஏசி அறை. ஒரே அடுப்பில் வார்த்த தோசைக்கு மேலே கூடுதல் விலை. குளிர்ச்சிக்கு மட்டும் அந்தப் பணம் இல்லை. மேசைகளுக்கு இடையே உள்ள இடைவெளிக்கும் சேர்த்துத்தான். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது வரியிலேயே அந்த வேறுபாடு இருந்தது: குளிர்சாதனம் இல்லாத உணவகத்துக்கு 12 சதவீதம், இருந்தால் 18 சதவீதம், அதே ஆண்டு நவம்பரில் இரண்டையும் 5 சதவீதமாக்கினார்கள். இந்த நகரத்தில் தூரத்தின் உச்சம் என்று நான் கருதுவது கதீட்ரல் சாலையில் 1962-இல் திறந்து 2008-இல் மூடப்பட்ட உட்லண்ட்ஸ் டிரைவ்-இன். மரநிழலில் நிறுத்திய சொந்தக் காருக்குள்ளேயே தட்டு வரும். அந்த இடத்தில் இன்று செம்மொழிப் பூங்கா இருக்கிறது. அதை நினைத்து ஏங்குகிறவர்களை எனக்குத் தெரியும். அங்கே கார் இல்லாதவர்களும் உள்கூடத்தில் மணிக்கணக்கில் காபியோடு உட்கார்ந்து பேசினார்கள் என்பதால், அந்த ஏக்கம் எனக்கும் புரிகிறது.

2020-இல் இந்த நெருக்கமே அச்சத்துக்குரியதாயிற்று. ஜூன் மாதம் உட்கார்ந்து சாப்பிட அனுமதி வந்தபோது பாதி இருக்கைகள் மட்டும் என்றார்கள். எங்கள் விடுதியில் ஒன்று விட்டு ஒரு நாற்காலியைச் சணல் கயிற்றால் கட்டியிருந்தார்கள். முறையான ஏற்பாடுதான். ஆனால் பாதி இருக்கையில் அந்தக் கடையின் கணக்கு நிற்காது. குறைந்த விலையில் நிறைய பேருக்கு, விரைவாக, என்பதுதான் இத்தகைய கடைகளின் தொழில் முறை. ஒரு நாற்காலியில் ஒரு காலையில் பலர் உட்கார்ந்து எழுந்தால்தான் இட்லியின் விலை அந்த விலையாக இருக்க முடியும். மேசைகள் விலகினால் விலை ஏறும்; விலை ஏறினால் மேன்ஷன் இளைஞர்கள் வேறு இடம் தேட வேண்டியிருக்கும். கயிறுகளை அவிழ்த்த நாளில் முதலாளியின் முகத்தைவிடச் சர்வர்களின் முகத்தில்தான் அதிகத் தெளிவைக் கண்டேன்.

இத்தனை சொன்ன பிறகும், இந்த நெருக்கத்தால் வெளியே நிறுத்தப்படுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதைச் சொல்லாமல் முடிக்க முடியாது. நான்கு கால் ஊன்றுகோலோடு வந்த ஒரு மூதாட்டியை அதே கூடத்தில் பார்த்தேன். வாசலை ஒட்டிய மேசைகள் நிறைந்திருந்தன. உள்ளே ஒரு நாற்காலி காலியாக இருந்தது, ஆனால் அவர் அதுவரை வர வழியில்லை. சர்வரும் இன்னும் இருவரும் மேசை ஒன்றைத் தூக்கி நகர்த்தினார்கள். அதில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் தட்டைக் கையில் ஏந்தி எழுந்து நின்றார்கள். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. மூதாட்டி மட்டும், "இவ்வளவு பேருக்குத் தொந்தரவு" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே போனார். சக்கர நாற்காலியில் வருகிறவராக இருந்தால் அந்த உதவியும் போதாது. அது செல்ல ஏறத்தாழ 90 சென்டிமீட்டர் அகலமாவது வேண்டும், வாசலில் ஒரு சாய்தளமும் வேண்டும். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான 2016-ஆம் ஆண்டுச் சட்டம் பொதுமக்கள் வந்துபோகும் கட்டடங்களில் அணுகு வசதியைக் கேட்கிறது.

நான் இதை அந்த முதலாளியிடம் நேரிலேயே பேசினேன். வாசலிலிருந்து முதல் மேசைக்குப் போகும் வழியை மட்டும் அகலமாக்கி, அந்த ஒரு மேசையின் ஒரு பக்கத்தில் நாற்காலி போடாமல் விடலாமே என்றேன். நான்கு நாற்காலிகள் குறையும் என்று அவர் கணக்குச் சொன்னார். உள்ளே கைகழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் பயன்படாமல் கிடக்கும் பழைய அலமாரியை எடுத்துவிட்டால் இரண்டு திரும்பக் கிடைக்கும் என்று சர்வர் இடையில் புகுந்து சொன்னார். தொட்டியைக் கொஞ்சம் நகர்த்தினால் மூன்று என்று காசாளர் திருத்தினார். பிளம்பரைக் கூப்பிட்டு அளவெடுக்கச் சொல்வதாக முதலாளி ஒப்புக்கொண்டிருக்கிறார். வாசற்படியில் சாய்தளம் போட மாநகராட்சியிடம் என்ன கேட்க வேண்டும் என்பதை விசாரித்துச் சொல்வதாக நான் ஒப்புக்கொண்டிருக்கிறேன்.